சுவருக்குள் மறையும் பேயை வாளால் வெட்ட முடியுமா?

நீங்கள் எழுதியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடையோடு மேசையில் ஆடும் கதாபாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் நான்காம் லெவல் குழு ஒன்றுக்கு நீங்கள் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். பாழடைந்த மாளிகை ஒன்றில் ஒரு கோஸ்ட்டை, அதாவது பேயை, இறக்கினீர்கள். அது சுவரிலிருந்து வெளியே வந்து அடிக்கிறது, அடித்த கையோடு சுவருக்குள் போய்விடுகிறது. ஃபைட்டர் என்ற போர்வீரன் பாத்திரத்தை ஆடும் நண்பர் இரண்டு கேள்வி கேட்டார்: உடம்பே இல்லாததை வாள் எப்படி வெட்டும்? அதன் கையை என் இரும்புக் கவசம் எப்படித் தடுக்கும்? விவாதத்தில் ஆட்டம் அரை மணி நேரம் நின்றுபோனது. “போர் விதிகள் பேய்க்குப் பொருந்துமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ‘உடம்பில்லை’ என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை விதிகளை நாமே வரவழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் பதிப்பைப் பொறுத்தவரை, ஒன்றைக்கூட வரவழைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில். அந்த ஜந்துவின் ஸ்டாட் பிளாக்கில், அதாவது அதன் எண்களும் திறமைகளும் அடங்கிய பட்டியலில், என்னென்ன விதிவிலக்கு எழுதியிருக்கிறதோ அவை மட்டும்தான் விதிவிலக்கு. மற்றபடி அது ஒரு ஆர்க் போலவோ ஓநாய் போலவோ சாதாரணப் போர் விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான். பழைய 3.5 பதிப்பு நடப்பில் இருந்த காலத்திலிருந்து நான் ஆட்டம் நடத்திவருகிறேன். பேய்ச் சண்டையில் வந்த சச்சரவுகளில் பெரும்பாலானவை, ஒரு பதிப்பின் விதியை இன்னொரு பதிப்பில் நினைவிலிருந்து எடுத்துப் போட்டதால் வந்தவை. உங்கள் நண்பரின் கவசக் கேள்வியும் அப்படிப்பட்டதாகத்தான் தெரிகிறது.

3.5 பதிப்பில் உடலற்ற தன்மை என்பது தனி உட்பிரிவு. அதற்கென்று நீளமான விதிப் பட்டியல் உண்டு. மந்திரமில்லாத ஆயுதம் எதுவும் பலிக்காது. மந்திர ஆயுதமோ மந்திரமோ சரியாகப் பட்டாலும்கூட, சேதம் ஒன்றுமே ஆகாமல் போக 50 சதவீத வாய்ப்பு இருக்கும். மேஜிக் மிசைல் போன்ற ஃபோர்ஸ் (தூய மந்திர விசை) மந்திரங்கள், பாசிட்டிவ் எனர்ஜி, நெகட்டிவ் எனர்ஜி, கோஸ்ட் டச் என்ற பேயைத் தொடும் சக்தி ஏற்றிய ஆயுதம் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தப் பகடை கிடையாது. பேய் தாக்கும்போது கவசம், கேடயம், இயற்கையான தோல் கடினம் மூன்றும் கணக்கில் வராது. இதைப் புரியவைக்க நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. முழு இரும்புக் கவசம், பெரிய கேடயம், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) போனஸ் 1 உள்ள ஃபைட்டருக்கு ஏசி, அதாவது அவர்மேல் அடி பட இருபதுமுகப் பகடையும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண், 21. அவர்மேல் ரெய்த் என்ற உடலற்ற பேய் கை வைக்கும்போது கவசத்தின் 8, கேடயத்தின் 2 இரண்டும் கழிந்து 11தான் மிஞ்சும். பக்கத்தில் துணி அங்கியோடு நிற்கும் விசார்ட், அதாவது மந்திரவாதி, மேஜ் ஆர்மர் என்ற காப்பு மந்திரத்தைப் போட்டிருக்கிறார், டெக்ஸ்டெரிட்டி போனஸ் 3. அவருடைய ஏசி 17. மேஜ் ஆர்மர் ஃபோர்ஸால் ஆனது என்பதால் ரெய்த்துக்கு எதிராகவும் அதே 17. ரெய்த்தின் தாக்குதல் போனஸ் 5. ஃபைட்டரை அது 75 சதவீதம் தொட்டுவிடும், விசார்டை 45 சதவீதம்தான். மேசையில் இதை முதல்முறை பார்ப்பவர்கள் முகம் மாறிவிடும்.

ஐந்தாம் பதிப்பில் இது எதுவும் கிடையாது. ஐந்தாம் பதிப்பு முதலில் வந்த 2014 ஸ்டாட் பிளாக்கில் கோஸ்ட்டின் தொடுதல் என்பது +5 போனஸ் உள்ள சாதாரண மெலீ (கைகலப்பு) தாக்குதல். அது ஏசியை எட்டியாக வேண்டும், கவசமும் கேடயமும் முழுசாக எண்ணப்படும். கவசத்தைத் தாண்டிப் போகும் என்று எங்கேயும் எழுதவில்லை. அதேபோல வாளும் வெட்டும். மந்திரமில்லாத ஆயுதத்தால் வரும் வெட்டு, குத்து, அடி மூன்றுக்கும் கோஸ்ட்டுக்கு எதிர்ப்பு உண்டு, அதாவது சேதம் பாதியாகும். பலத்தின் போனஸ் எல்லாம் கூட்டி முடித்த பிறகு கடைசியாகப் பாதியாக்கி, பின்னத்தைக் கீழே இறக்க வேண்டும். 11 வந்தால் 5. கோஸ்ட்டின் ஹிட் பாயிண்ட், அதாவது அழியும்வரை தாங்கும் சேத அளவு, 45. மந்திர ஆயுதம் இல்லாத ஃபைட்டருக்கு அது 90 போல இருக்கும். கஷ்டம்தான், ஆனால் நடக்காத காரியம் இல்லை. ஏசி வெறும் 11 என்பதால் அநேகமாக ஒவ்வொரு வீச்சும் படும். ரோக் என்ற திருடன் பாத்திரம் பலவீனமான இடம் பார்த்துச் செய்யும் ஸ்னீக் அட்டாக்கும் இங்கே செல்லும், 3.5லும் பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்திலும் ஆடிப் பழகியவர்கள் இதை நம்ப மறுப்பார்கள், ஏனென்றால் அங்கே அது தடை. 2025இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலை (ஜந்துக்களின் விதிப் புத்தகம்) வைத்து ஆடினால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். அதில் மந்திர ஆயுதம், மந்திரமில்லாத ஆயுதம் என்ற பிரிவினையே எடுக்கப்பட்டுவிட்டது. கோஸ்ட்டுக்கு வெட்டு, குத்து, அடி எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு உண்டு, வாள் மந்திரமானதாக இருந்தாலும்.

வெள்ளி பூசிய ஆயுதம் பற்றியும் யாராவது கேட்பார்கள். 2014 பதிப்பில் ரெய்த்துக்கு எதிராக வெள்ளி முழுச் சேதம் தரும், கோஸ்ட்டுக்கும் ஸ்பெக்டர் என்ற இன்னொரு பேய்க்கும் எதிராகத் தராது. அதைவிட 25 பொற்காசுக்குக் கிடைக்கும் புனித நீர் பயன்படும். அன்டெட் (செத்தும் நடமாடும் ஜந்துக்கள்) மேல் பட்டால் இரண்டு ஆறுமுகப் பகடை ரேடியன்ட் (புனித ஒளி) சேதம், கோஸ்ட்டுக்கு அதற்கு எதிர்ப்பும் இல்லை. இதில் 3.5இன் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே புனித நீர்க் குப்பியைப் பேய்மேல் எறிந்து பயனில்லை. மோதி உடைய உடம்பு வேண்டுமே! குப்பியைத் திறந்துகொண்டு பேய்க்குப் பக்கத்திலேயே போய் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகும் பலிக்காமல் போக பாதி வாய்ப்பு உண்டு. உடம்பில்லாமை என்றால் என்ன என்று அந்த விதியை எழுதியவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஐந்தாம் பதிப்பில் எறிந்தாலே போதும்.

இந்த இடத்தில் மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் மேசையில் அவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. உடலற்று இருப்பது வேறு, ஈதரியல் தளத்தில் இருப்பது வேறு, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு. உடலற்ற ஜந்து இதே உலகத்தில், இதே கட்டத்தில், உங்கள் முன்னால் நிற்கிறது. அதைப் பார்க்கலாம், அடிக்கலாம். ஈதரியல் தளத்தில் இருப்பது பக்கத்து உலகத்தில் இருக்கிறது. ஃபேஸ் ஸ்பைடர் என்ற சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குச் சதையும் எலும்பும் உண்டு, ஆனாலும் ஈதரியலுக்குள் போய்வரும். கோஸ்ட்டுக்கு இரண்டு திறமையும் இருப்பதால்தான் இத்தனை குழப்பம். அது ஈதரியலுக்குப் போக ஒரு ஆக்‌ஷன் செலவாகும். அந்த டர்னில், அதாவது அதன் அந்த முறையில், வேறு முக்கியச் செயல் கிடையாது என்பதால் அது அடிக்க முடியாது. போன பிறகும் இங்கிருப்பவர்கள் கண்ணுக்கு அது தெரியும், ஆனால் அது யாரையும் தொட முடியாது, யாரும் அதைத் தொட முடியாது. அதனால் ஒரே டர்னில் அடித்துவிட்டு ஈதரியலுக்குள் மறைந்தது என்று நடத்தியிருந்தால் அது பிழை. அடித்துவிட்டுச் சுவருக்குள் போவது சரி, அது நடையில் அடங்கும்.

சரி, அந்தச் சுவருக்கு வருவோம். உங்கள் ஆட்டம் உண்மையில் மாட்டிக்கொண்டது அங்கேதான். கோஸ்ட் பொருள்கள் வழியாகவும் ஆட்கள் வழியாகவும் போகலாம், ஆனால் அது கடினத் தரைபோல, ஒரு அடிக்கு இரண்டு அடி செலவு. டர்ன் முடியும்போது ஒரு பொருளுக்குள் இருந்தால் ஒரு பத்துமுகப் பகடை ஃபோர்ஸ் சேதம். கோஸ்ட்டுக்கு ஃபோர்ஸ் எதிர்ப்பு கிடையாது. சுவருக்குள்ளேயே ஒளிந்துகொண்டு சண்டை போடும் கோஸ்ட் ரவுண்டுக்கு (எல்லாரும் ஒருமுறை ஆடி முடிக்கும் சுற்றுக்கு) சராசரியாக 5, 6 ஹிட் பாயிண்ட் இழந்துகொண்டே இருக்கும். எட்டு ஒன்பது ரவுண்டில் யாரும் தொடாமலேயே அழிந்துவிடும். இந்தச் சேதத்தை நீங்கள் போட்டீர்களா என்று உங்கள் கேள்வியில் இல்லை. போடாமல் விட்டிருந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே இருக்கிறது.

கெட்டிக்காரக் கோஸ்ட் சுவருக்குள் தங்காது, மறுபக்கத்து நடைபாதையில் போய் நிற்கும். இதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் வேகம் 40 அடி. சுவர் ஐந்தடி தடிமன், அதாவது வரைபடத்தில் ஒரு கட்டம். நடைபாதையிலிருந்து சுவருக்குள் நுழைய 10 அடி, அங்கிருந்து அறைக்குள் வர 5 அடி, மொத்தம் 15. அடித்துவிட்டுத் திரும்பவும் அதே 15. முப்பதில் முடிந்துவிட்டது, இன்னும் 10 அடி மிச்சம். அதே சுவர் பத்தடி தடிமனாக இருந்தால் உள்ளே வரவே 25 அடி ஆகும். அடித்த பிறகு மீதி 15 அடிதான். சுவரின் முதல் கட்டத்துக்குள் நுழையலாம், இரண்டாவதற்குப் போதாது. டர்ன் அங்கேயே முடிந்து பகடைச் சேதம் வாங்கும், இல்லாவிட்டால் அறைக்குள் உங்கள் ஆட்கள் நடுவே நிற்க வேண்டும். மாளிகை வரைபடத்தில் எந்தச் சுவர் எவ்வளவு தடிமன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால், சில அறைகள் பேய்க்குச் சாதகமாகவும் சில அறைகள் குழுவுக்குச் சாதகமாகவும் தானாகவே அமைந்துவிடும். வெளிப்புறச் சுவரைத் தடிமனாக வைப்பது என் வழக்கம்.

அது பின்வாங்கும்போது ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக், அதாவது விலகிப் போகும் எதிரிமேல் உடனே போடும் அடி, உண்டா? உண்டு, கோஸ்ட்டுக்கு அதிலிருந்து விலக்கு எதுவும் எழுதவில்லை. ஆனால் எங்கே நிற்கிறோம் என்பது முக்கியம். விதி, கண்ணில் தெரியும் எதிரி உங்கள் எட்டும் தூரத்தைவிட்டு வெளியேறும்போது என்கிறது. உங்கள் ஃபைட்டர் சுவரோடு சுவராக நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டத்திலிருந்து பேய் சுவருக்குள் நுழைகிறது. அந்தச் சுவர்க் கட்டமும் அவருக்கு மூலைவிட்டமாக ஐந்தடிக்குள்தான் இருக்கிறது, எனவே எட்டும் தூரம் இன்னும் தாண்டவில்லை. தாண்டும்போது பேய் கல்லுக்குள் இருக்கிறது, கண்ணில் தெரியாது. விதியின் எழுத்துப்படி அடி கிடையாது. அவரே சுவரிலிருந்து ஒரு கட்டம் தள்ளி, பேய்க்கு மட்டும் இடம் விட்டு நின்றால், பேய் சுவருக்குள் காலெடுத்து வைக்கிற கணமே எட்டும் தூரத்தைத் தாண்டுகிறது. அப்போது அது வெட்ட வெளியில் தெரிகிறது. அடி உண்டு. ஒரே ஒரு கட்ட வித்தியாசம்! இதை உங்கள் நண்பருக்குச் சொல்லிக் கொடுங்கள், சண்டையே மாறிவிடும்.

இன்னொரு வழி, ரெடி ஆக்‌ஷன். காத்திருந்து அடிப்பது. இதில் எதைத் தூண்டுதலாகச் சொல்கிறார் என்பதைக் கூர்ந்து கேளுங்கள். ஐந்தாம் பதிப்பில் தூண்டுதல் நடந்து முடிந்த பிறகுதான், ரவுண்டுக்கு ஒருமுறை பிறர் முறையிலும் செய்யக்கூடிய எதிர்ச்செயலான ரியாக்‌ஷன் வரும். “அது என்னை அடிக்கும்போது” என்று சொன்னால் அடி வாங்கிய பிறகுதான் திருப்பி அடிக்கலாம். “அது சுவரிலிருந்து வெளியே வந்ததும்” என்று சொன்னால் அதன் கை நீளும் முன்பே வாள் இறங்கும். 3.5இல் இது நேர்மாறு, அங்கே தயாராக வைத்த செயல் தூண்டுதலுக்குச் சற்று முன்னால் நடக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஃபைட்டரின் எக்ஸ்ட்ரா அட்டாக் (கூடுதல் வீச்சு) அவருடைய டர்னில் மட்டும்தான் செல்லும் என்பதால் ரெடியில் ஒரே வீச்சு. ரியாக்‌ஷன் செலவாகிவிடுவதால் அந்த ரவுண்டில் ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்கும் போய்விடும். நான்காம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் வந்திருக்காது, அதனால் உங்கள் குழுவுக்கு இப்போது நஷ்டம் குறைவு.

நான் டிஎம்மாக உட்கார்ந்த ஆரம்ப நாட்களில், 3.5இல், ஒரு ரெய்த்தைச் சுவருக்குள் வைத்து நான்கு பேரை முக்கால் மணி நேரம் ஆட்டிவைத்தேன். ஒவ்வொரு ரவுண்டும் யார் பலவீனமாக இருக்கிறார்களோ சரியாக அவர் பக்கத்தில் வந்து எழும். கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரத்தை ஆடிய தம்பி கடைசியில் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணா, சுவருக்குள்ள இருக்கிற அதுக்கு நாங்க எங்க நிக்கிறோம்னு எப்படித் தெரியுது?” என்று கேட்டான். புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பொருளுக்குள் இருக்கும் உடலற்ற ஜந்து ஒட்டியுள்ள கட்டத்தில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் உணரும். அங்கிருந்தே அடித்தால் பாதி வீச்சு தவறும். தூரத்தில் பார்க்க வெளியே வந்தாக வேண்டும். இது அத்தனையும் புத்தகத்திலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அன்றிலிருந்து பேய் சுவருக்குள் இருக்கும்போது அதற்கு என்ன தெரியும் என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்துகொள்கிறேன். ஐந்தாம் பதிப்பில் இவ்வளவு விளக்கம் இல்லை. கல்லுக்குள் இருக்கும் கோஸ்ட்டுக்கு முழு மறைப்பு உண்டு, அதைக் குறிவைக்க முடியாது என்பது உறுதி. அங்கிருந்தே அது கையை மட்டும் நீட்டி அடிக்கலாமா என்பதில் எழுத்து தெளிவாக இல்லை. மறைப்பு இரண்டு பக்கமும் மறைப்புதான், எனவே அடிக்க வேண்டுமானால் வெளியே வர வேண்டும் என்பது என் தீர்ப்பு. வேறு டிஎம் வேறு மாதிரி சொன்னால் அவர் தவறு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

இதேபோல ஐயத்துக்குரிய இடங்கள் இன்னும் இரண்டு. வால் ஆஃப் ஃபோர்ஸ் என்ற மந்திரச் சுவரைப் பேய் தாண்டுமா? 3.5இல் தாண்டாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் எதுவும் உடல்ரீதியாகத் தாண்ட முடியாது என்றுதான் இருக்கிறது. உடம்பில்லாததற்கு அது பொருந்துமா என்று வாதிடலாம். அந்தச் சுவர் ஈதரியல் பயணத்தையே தடுக்கும் என்று அதே மந்திரத்தில் வருவதால், பேயையும் தடுக்கும் என்றே நான் நடத்துகிறேன். அடுத்தது, பேயைப் பிடித்துத் தள்ளலாமா? கோஸ்ட்டைப் பிடிக்க முடியாது, கீழே சாய்க்க முடியாது, கட்ட முடியாது. அந்த நிலைகள் எல்லாவற்றுக்கும் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் ஐந்தடி பின்னால் தள்ளுவது ஒரு நிலை இல்லை, வெறும் இடமாற்றம். எழுத்துப்படி தள்ளலாம். எனக்கு இது உறுத்துகிறது, என் மேசையில் அனுமதிப்பதில்லை. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இதை ஒரே வரியில் முடித்துவிட்டது: பலத்தை வைத்துச் செய்யும் எந்த முயற்சியும் உடலுள்ளதற்கும் உடலற்றதற்கும் இடையே செல்லாது. அந்த வரி நமக்கும் இருந்திருக்கலாம்.

பெயரை நம்பாமல் ஸ்டாட் பிளாக்கைப் பாருங்கள் என்று சொன்னதற்கு ஒரு காரணம் ஷேடோ என்ற நிழல் ஜந்து. 3.5இல் அது உடலற்றது, சுவருக்குள் போகும். 2014 ஐந்தாம் பதிப்பில் போகாது. ஓர் அங்குல இடுக்கு இருந்தால் நுழையும், அவ்வளவுதான். கதவை மூடி அடியில் துணியைச் செருகினால் ஷேடோ வெளியேதான் நிற்க வேண்டும். பெயரில் பேய் வாடையே இல்லாத வில்-ஓ-விஸ்ப் என்ற மிதக்கும் ஒளிக்கோ சுவருக்குள் போகும் திறமை உண்டு, ஏசியும் 19.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மாளிகையில் உங்கள் குழுவுக்கு உண்மையான ஆபத்து அதுதான். கோஸ்ட் ஐந்தடிக்குள் கண்ணில் தெரியும் ஒரு மனித உருவத்துக்குள் புகுந்துகொள்ளலாம். கரிஸ்மா சேவிங் த்ரோவில், அதாவது தப்பிக்கப் போடும் பகடையில், 13 எடுக்கத் தவறினால் உடம்பு பேயின் கையில். உள்ளே இருக்கும் பேயை எந்த ஆயுதமும் மந்திரமும் குறிவைக்க முடியாது, அன்டெட்டை விரட்டும் சக்தியைத் தவிர. மற்றவர்கள் வெட்டினால் நண்பன்தான் சாவான். ஆனால் அந்த நிமிடத்தில் விதி திரும்பிக்கொள்கிறது. புகுந்த பேய், மனம் சார்ந்த எண்களைத் தவிர, அந்த உடம்பின் எண்களைத்தான் பயன்படுத்தும். வசியத்துக்கும் பயத்துக்கும் இருந்த விலக்கு மட்டும் கூட வரும். பிடிபடாமை கூட வராது. ஒரு ரவுண்டுக்கு முன்னால் பிடிக்க முடியாததை இப்போது பிடிக்கலாம், கீழே சாய்க்கலாம், கயிற்றால் கட்டலாம். கிளெரிக் டர்ன் அன்டெட் என்ற அந்த விரட்டும் சக்தியைப் பயன்படுத்தும்வரை அந்த உடம்பை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். உங்கள் ஃபைட்டர் நண்பரிடம், அடுத்த வாரம் வருவதற்கு முன் கிராப்பிள் (பிடித்து மடக்கும்) விதியை ஒருமுறை படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.